வெட்டக் கூடாத பானெட்

போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கார் பட்டறையிலிருந்து என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு மிராசுதார் வீட்டில் நிற்கும் பழைய கார் அவர்களிடம் வேலைக்கு வந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. ஏழு பேர் உட்காரலாம், துணி டாப்பை மடக்கிவிட்டால் திறந்த வண்டி. கம்பெனிப் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால், என்ன விலைக்குப் போகும் என்பதுதான் எல்லாருடைய அடுத்த கேள்வியாக இருக்கும்.

இன்ஜின் சூடாகிறது, எலக்ட்ரிக் ஃபேன் வைக்கப்போகிறோம், பானெட்டின் மேல்பக்கம் இரண்டு வரிசை வெட்டுப் போட்டு உள்ளே தங்கும் அனல் வெளியேற வழி செய்யப்போகிறோம் என்றார்கள். நல்ல வேலைக்காரர்கள், குறை சொல்ல முடியாது. ஃபேன் தாராளமாக வையுங்கள், பானெட்டில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றேன். “ஏன் பாய், ஒரிஜினல் போயிடும்னு பாக்குறீங்களா?” என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அதற்காக இல்லை. எதற்காக என்பது அங்கே நின்றபடி சொல்லி முடிகிற கதை இல்லை. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

நான் ஜப்பார். கூத்தாநல்லூர்க்காரன். எங்கள் ஊரில் மீசை முளைத்தால் பாஸ்போர்ட் எடுப்பார்கள். நான் மட்டும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறி, இஸ்ரவேல் மேஸ்திரியின் பட்டறையில் போய்ச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் நட்டு கழுவியதும் டீ வாங்கி வந்ததும்தான். அதில் எழுத ஒன்றும் இல்லை.

மேஸ்திரி தரங்கம்பாடிக்காரர், லுத்தரன் சபை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையையே திங்கட்கிழமை பட்டறைக்கும் போட்டு வருவார். சாயங்காலம் அதில் ஒரு கறை இருக்காது. கத்த மாட்டார். வண்டியின் சொந்தக்காரர் எதிரில் எங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். “நீங்க போயி ஒரு டீ சாப்ட்டு வாங்க” என்று அவரை அனுப்பிவைப்பார். அவர் தெருவைத் தாண்டும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டே நிற்பார். அப்புறம்தான் எங்கள் பக்கம் திரும்புவார். திட்டைவிட அந்தக் காத்திருப்புதான் எங்களைக் கொல்லும்.

சூடாகிறது என்று ஒரு வண்டி வந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறக்க எங்களில் யாருக்கும் அனுமதி கிடையாது. முதலில் அவர் வண்டியைச் சுற்றி வருவார். முன்னால் குனிந்து ரேடியேட்டரின் தகடுகளைப் பார்ப்பார். அறுவடைக் காலத்தில் கதிரை ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளை அதன் மேல் ஓடவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பதரும் தூசும் பறந்து தகடுகளுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்ளும். முன்பக்கமிருந்து தண்ணீர் அடித்தால் அது இன்னும் உள்ளே போய் இறுகிவிடும். இன்ஜின் பக்கமிருந்துதான் அடித்து வெளியே தள்ள வேண்டும். ரேடியேட்டரில் ஊற்ற போர் தண்ணீர் ஆகாது, உப்புப் படியும். பட்டறையின் ஓட்டுக் கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து மூடிவைத்திருந்தார். அதில் யாராவது கை கழுவிவிட்டால் அன்றைக்கு வண்டிக்காரருக்கு ஒரு டீ நிச்சயம், எங்களுக்குத் திட்டும் நிச்சயம்.

இதெல்லாம் முடிந்தபின் இன்ஜினை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்துவார். ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தால் புகை உள்ளே இழுபட வேண்டும். பானெட்டின் இரண்டு பக்கமும் மீன் செவுள் மாதிரி வரிசையாக வெட்டுகள் இருக்கும். அங்கே பிடித்தால் புகை வெளியே தள்ளப்பட வேண்டும். பல வண்டிகளில் அது போக மனசில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கும். “உள்ள வர்ற காத்தப் பத்தித்தான் எல்லாரும் பேசுவான். வெளிய போவ வழியில்லாட்டி உள்ள எப்புட்றா வரும்?” என்பார். ஜெபக்கூட்டத்தில் ஊதுபத்தி கூடாது, ரேடியேட்டருக்கு மட்டும் கூடுமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். “ரேடியேட்டர் இன்னும் ஞானஸ்நானம் வாங்கலடா” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

இப்போது சொல்லும் வண்டி அந்தப் பட்டறைக்கு வருஷா வருஷம் வரும். ஓட்டிவருபவர் மாரிமுத்து அண்ணன். மிராசுதார் வீட்டு டிரைவர், அந்த ஊர்க் காலனிக்காரர். அந்த வீட்டு மகள் வசந்தா அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனதிலிருந்து அவர் கையில்தான் வண்டி. பட்டறையில் நாங்கள் வண்டியைத் தொடுவதற்கு முன் எங்கள் கை விரல்களைப் பார்ப்பார். மேஸ்திரியின் விரல்களையும் பார்ப்பார். மேஸ்திரியும் பேசாமல் காட்டுவார்.

அந்த வண்டியின் சங்கடம் என்னவென்றால், விசிறியும் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பும் இன்ஜின் வேகத்துக்குத்தான் ஓடும். ரோட்டில் போகும்போது எதிர்க்காற்றும் சேர்ந்து காப்பாற்றிவிடும். ஆள் நடக்கிற வேகத்தில் போனால் விசிறியும் மெது, பம்பும் மெது, எதிர்க்காற்று சுத்தமாக இல்லை. அவ்வளவு பெரிய இன்ஜின் தன் சூட்டிலேயே வேக ஆரம்பிக்கும். ஆனால் எங்கள் ஊர்களில் இந்த மாதிரி வண்டிகளுக்கு மிச்சமிருந்த வேலையே நடக்கிற வேகத்து வேலைதான், ஊர்வலம்.

வசந்தா அம்மாவின் தம்பி கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டி. பானெட்டை முழுசாகக் கழற்றிவைத்துவிட்டுப் போ என்றார் மேஸ்திரி. மாரிமுத்து அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “மூஞ்சியக் கழட்டி வச்சிட்டு யாராச்சும் ஊர்வலம் போவாங்களாண்ணே?” என்றார். சரி, பானெட்டின் பின் விளிம்பை மரக்கட்டை கொடுத்துத் தூக்கிவிடுகிறேன், முன்னால் மட்டும் பூ கட்ட விடாதே என்று மேஸ்திரி சொல்லி அனுப்பினார். ஆனால் பூ அலங்காரக்காரர்கள் ரேடியேட்டர் முழுக்க மல்லிகைச் சரத்தைத் தட்டியாகக் கட்டிவிட்டார்கள். கல்யாண வீட்டில் டிரைவர் பேச்சு எங்கே எடுபடும்? ஊர் மேலவீதி நடுவில் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி கிளம்பியது. மாப்பிள்ளை இறங்கி நடந்து போனார். ஆவி அடங்கும்வரை வண்டிக்குப் பக்கத்தில் மாரிமுத்து அண்ணன் தனியாக நின்றிருக்கிறார். வீதியில் இருந்தவர்கள் சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள், ஒருவர் அரிசி கொண்டுவரட்டுமா என்று கேட்டிருக்கிறார்.

அந்தச் சிரிப்பு அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கே வண்டி எடுக்கச் சொன்னாலும் முதல் கேள்வி “கொதிக்குமா?” என்பதுதான். வீட்டில் அவர் மனைவி அஞ்சலை சோறு வடிக்கும்போதும் அதையே கேட்பார் என்று மேஸ்திரி கேலி செய்வார்.

மேஸ்திரி காலமான பிறகு நான் மன்னார்குடியில் தனியாகப் பட்டறை போட்டேன். வண்டி என்னிடம் வர ஆரம்பித்தது. என் விரல்களும் பார்க்கப்பட்டன.

நான் அந்தப் பட்டறையை மூடுவதற்குச் சில வருஷங்கள் முன்பு, ஒரு புரட்டாசிக் காலையில் வசந்தா அம்மா போன் செய்தார். மாரிமுத்து அண்ணன் முந்தின நாள் இறந்துவிட்டார். “பாய், அவரை நம்ம வண்டியிலதான் கொண்டு போவணும். ஓட்ட நீங்க வரணும்” என்றார். அண்ணன் இறந்த துக்கத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். கிளம்பிப் போகும் வழியில்தான் அந்த ஊர் வழக்கம் ஞாபகம் வந்தது.

அந்த ஊரில் காலனியில் ஒருவர் இறந்தால் உடலை மேலவீதி வழியாகக் கொண்டுபோக மாட்டார்கள். வயல் வரப்பில் இறங்கி, வாய்க்கால் கரையோடு சுற்றித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் கட்டியிருக்கும் நாளிலும் முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சட்டத்தில் இது எங்கும் இல்லை, ஊரில் இருந்தது. ஆனால் கார் வரப்பில் போகாது. கார் என்றால் மேலவீதிதான்.

நான் போனபோது பேச்சு முடிந்திருந்தது. வசந்தா அம்மா தானே போய்ப் பேசியிருக்கிறார். மேலவீதிப் பெரியவர்கள் சொன்ன முடிவை எனக்கு அவரே சொன்னார். மிராசு வீட்டு வண்டி வீதியில் போவதை அவர்கள் என்றைக்கும் தடுத்ததில்லையாம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் பார்க்கப்போவதில்லையாம். ஆனால் வண்டி பழுதாகி நின்றுவிட்டால், உடலை இறக்கித் தோளில் வைத்து அந்த வீதியில் தூக்கக் கூடாது. வந்த வழியே திரும்பி வரப்பில் இறங்க வேண்டும்.

“அப்ப நிக்காம போவணும், அவ்வளவுதானே பாய்?” என்றார் அம்மா.

அவ்வளவுதான். நின்ற இடத்திலிருந்து அந்த மனிதரைத் திருப்பி எடுத்துப்போக வேண்டியிருக்கும், முன்பு அவரைப் பார்த்துச் சிரித்த அதே வீதியில். வீதியில் மட்டும் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடலாமா என்று மாரிமுத்து அண்ணனின் மகன் செல்வத்திடம் மெதுவாகக் கேட்டேன். “எதுக்கு பாய்? திருட்டுத்தனமாவா போறோம்? நடந்து வர்றவங்க நடந்துதான் வருவாங்க” என்றார்.

வண்டியைக் காலனிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். பின் சீட்டிலிருந்து மடக்கிய டாப் வரை பலகை போட்டு, தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவைத்தார்கள். “எப்பவும் நான்தான் பின்னாடி உக்காருவேன். இன்னிக்கு அவரு வரட்டும்” என்று அம்மா முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சுடுகாட்டுக்கு வண்டி போகாது என்பதால் பச்சை மூங்கிலில் பாடையும் கட்டிவைத்திருந்தார்கள். அதை வெறும் பாடையாக யாராவது வரப்பு வழியாகக் கொண்டுவந்து சேர்ப்பதாக ஏற்பாடு.

நான் தண்ணீர் பார்க்கக் குனிந்து நிமிர்வதற்குள் உறவுக்காரர்கள் மாலை போட ஆரம்பித்துவிட்டார்கள். உடம்புக்குப் போட்டது போக, வண்டிக்கும். சம்பங்கி, செவ்வந்தி, கனமான மாலைகள். விளக்கில், ரேடியேட்டரில், பானெட்டின் செவுள்களின் மேல். வெளியூரிலிருந்து வந்த ஒவ்வொருவரும் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வண்டியின் முன்பக்கமே தெரியவில்லை. காற்று உள்ளே வரவும் வழி இல்லை, வெளியே போகவும் வழி இல்லை. வண்டி மேலவீதியின் முதல் வீட்டைத் தாண்டாது.

ரேடியேட்டரிலிருந்து ஒரு மாலையை எடுத்தேன். அடுத்ததில் கை வைத்ததும் கூட்டத்திலிருந்து ஒருவர் என் கையைப் பிடித்தார். “எங்க மாலைன்னா கழட்டிக் கடாசிடுவீங்களா? பெரிய வூட்டுக் கல்யாணம்னா எடுப்பீங்களா?” என்றார். கண்கள் சிவந்திருந்தன. குடிக்கவில்லை, அழுதிருந்தார். நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். வண்டி கொதிக்கும், பானெட்டையும் கழற்ற வேண்டும் என்று சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. மூஞ்சி இல்லாத வண்டியில் அவரை ஏற்றுவதா என்று கேட்டார்கள். மாரிமுத்து அண்ணனே கேட்ட கேள்விதான். நான் வெளியூர்க்காரன், வேறு மதம். என் நெஞ்சில் இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தபோது மிகவும் வேதனையாக இருந்தது.

பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அஞ்சலை எழுந்து வந்தார். தலை கலைந்திருந்தது, குரல் நிதானமாக இருந்தது.

“மாலை இருந்தா கொதிக்குமா பாய்?”

“கொதிக்கும்மா.”

“பானெட்டு?”

“அதுவும் கழட்டணும். கழட்டினா போயிடலாம். என் பொறுப்பு.”

அவர் பானெட்டைப் பார்த்தார். அண்ணன் தினமும் துடைத்த பானெட். பிறகு சுவர் ஓரம் கிடந்த பாடையைப் பார்த்தார்.

“கழட்டுங்க. ஆனா கீழ போடக் கூடாது. அந்தப் பாடையில வைங்க. இந்த மாலையெல்லாம் அது மேல போடுங்க. நாலு பேரு தூக்கி முன்னாடி போவட்டும். அவரு பின்னாடி வரட்டும்.”

மேலவீதியில் தோளில் தூக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டது உடலைத்தான். அது அவருக்குத் தெரிந்துதான் சொன்னாரா, பானெட்டை எங்கே வைப்பது என்று மட்டும்தான் யோசித்தாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

நடுவில் ஓடும் கீல் கம்பியில் பானெட் இரண்டு பக்கமும் மடங்கும், கம்பியின் இரண்டு முனையும் போல்ட்டில் மாட்டியிருக்கும். போல்ட்டைக் கழற்றி, செல்வம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தூக்கினோம். அலுமினியம், அவ்வளவு கனமில்லை. கூரை போல விரித்துப் பாடையில் வைத்து மூங்கிலோடு கட்டினோம். என் கையைப் பிடித்தவரே மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அதன் மேல் போட்டார். இன்ஜின் திறந்து கிடந்தது. அனல் நேராக மேலே போவது கண்ணுக்குத் தெரிந்தது. பறை முழங்கியது. நான் முதல் கியரைப் போட்டேன்.

ரேடியேட்டர் மூடியிலேயே, ஓட்டுபவருக்குத் தெரிகிற மாதிரி, சூட்டைக் காட்டும் சிறிய மீட்டர் உண்டு. மேலவீதிக்குள் திரும்பும்வரை அதையும் செல்வத்தின் முதுகையும் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. பாடையின் முன் மூங்கில் அவர் தோளில் இருந்தது. வீதியில் வாசல்தோறும் ஆட்கள். கோயில் முனையில் சிலர் குறுக்கே வந்து நின்றார்கள். பாடை நின்றது. நானும் நிறுத்த வேண்டியதாயிற்று.

“தோள்ல தூக்கக் கூடாதுன்னு பேச்சு” என்றார் அவர்களில் மூத்தவர்.

அம்மா இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். “மாரிமுத்து என் பின்னாடி இருக்காரு. பாடையில எங்க வீட்டு வண்டியோட பானெட்டு இருக்கு. சந்தேகம்னா மாலையை எடுத்துப் பாத்துக்குங்க.”

பாடையில் இருக்கும் மாலையை எடுத்துப் பார்க்க யார் வருவார்கள்? அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இதற்குள் மீட்டர் சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நின்ற வண்டிக்கு விசிறிதான் கதி, விசிறி வேகமாக ஓட வேண்டும் என்றால் இன்ஜின் வேகமாக ஓட வேண்டும். கிளட்சை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். மூடி இல்லாத இன்ஜின் அந்த வீதி முழுக்க உறுமியது. மூத்தவர் திடுக்கிட்டு ஒதுங்கினார். அவர் பின்னால் மற்றவர்களும் ஒதுங்கினார்கள். நான் விசிறிக்காகத்தான் அழுத்தினேன். அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். திருத்திச் சொல்ல எனக்கு அவசியம் தோன்றவில்லை.

செல்வம் நடக்க ஆரம்பித்தார். அந்த வீதியில் முதல்முதலாகக் காலனியிலிருந்து ஒரு பாடை நாலு பேர் தோளில் போனது. சிவப்பைத் தொடாமல் மீட்டர் மெதுவாக இறங்கியது.

வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் பானெட்டை இறக்கிவிட்டு, மாரிமுத்து அண்ணனைப் பாடைக்கு மாற்றினார்கள். மாலைகளும் அவரோடு போயின. அம்மா அங்கேயே நின்று கும்பிட்டார். அங்கே மீதமிருந்த ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நான் பானெட்டைப் பூட்டினேன். மூங்கில் உராய்ந்து அடி விளிம்பில் பெயிண்ட் போயிருந்தது. அதை அதன் பிறகு யாரும் சரி செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுக் காலனிக்குப் போனேன். அஞ்சலை குளித்து ஈரத் தலையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து வந்து, உள்ளங்கையைப் பானெட்டின் மேல் வைத்தார். அண்ணன் சூடு பார்க்கும் விதம் அது.

“கொதிச்சுதா பாய்?”

“இல்லம்மா. கொதிக்கவே இல்ல.”

அடி விளிம்பில் பெயிண்ட் போன இடத்தை விரலால் தடவினார்.

“தெரியும். கொதிச்சிருந்தா அந்த மனுசன் படுத்துக் கெடக்க மாட்டாரு. எந்திரிச்சு வந்து மூடியத் தொறந்திருப்பாரு” என்றார்.